ஈமானும் இரண்டு ஆங்கிலச் சொற்களும்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் கூடும் சிறிய வாசிப்பு வட்டத்தில் ஒருநாள் அல்ஹுஜுராத் அத்தியாயம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் இரண்டு ஆங்கில மொழியாக்கங்களை மடியில் விரித்து வைத்திருந்தார். ஒன்று அப்துல்லாஹ் யூசுஃப் அலீயுடையது, மற்றது ஆர்பெரியுடையது. 'நாங்கள் ஈமான் கொண்டோம்' என்று கூறிய நாட்டுப்புற அரபிகளை நோக்கி, 'நீங்கள் ஈமான் கொள்ளவில்லை. நாங்கள் பணிந்தோம் என்று சொல்லுங்கள். ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை' என்னும் கருத்துப்பட அமைந்த திருவசனத்தில் (49:14) அவருடைய விரல் நின்றது. உள்ளத்தில் நுழையாத அந்த ஒன்றை யூசுஃப் அலீ 'ஃபெய்த்' என்கிறார். ஆர்பெரி 'பிலீஃப்' என்கிறார். இரண்டும் ஒன்றுதானே, அகராதியில் ஒன்றுக்கு மற்றதைத்தானே பொருளாகப் போட்டிருக்கிறார்கள் என்று மாணவர் கேட்டார். ஒன்றுதான் என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் நின்றதன் விளைவே இக்கட்டுரை.

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை, நெடுஞ்சாலையின் இருபுறமும் வளர்ந்துள்ள குடியிருப்புகளில் வாழும் நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலவழிக் கல்வி பெற்றவர்கள். மக்தபில் அரபு எழுத்தை ஓதக் கற்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தீனைப் பற்றிச் சிந்திக்கும்போது மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். பாட்டனாருக்கு அரபுத்தமிழ் எதுவாக இருந்ததோ, பேரனுக்கு ஆங்கிலம் அதுவாகிவிட்டது. இதைக் குறையென்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த மொழியில் சிந்திக்கிறோமோ அந்த மொழியின் சொற்கள் தம்முடைய சொந்த வரலாற்றையும் சுமந்துகொண்டே நம்முள் வருகின்றன. பள்ளிப் பாடநூலில் 'முஸ்லிம்கள் இவ்வாறு பிலீவ் செய்கிறார்கள்' என்று படித்துத் தேர்வில் அதையே எழுதும் பிள்ளை, தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பேசப் பழகிக்கொள்கிறது. அந்த வினைச்சொல்லுக்குள் 'உண்மை எதுவோ தெரியாது, அவர்கள் அப்படிக் கருதுகிறார்கள்' என்னும் ஒதுங்கிய தொனி இருக்கிறது. ஈமான் என்ற சொல்லில் அத்தொனி அறவே இல்லை.

இந்த வினா தாம்பரத்தில் எழுந்தது தற்செயல். எனினும் ஆங்கிலச் சொல் ஒன்று இஸ்லாத்தை எவ்வளவு தூரம் உயர்த்தவோ தாழ்த்தவோ வல்லது என்பதற்கு இந்த ஊரே சாட்சியாக இருந்திருக்கிறது. ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு அந்தப் புதிய வளாகத்தில் கூடியது. மாநாட்டுக்கென்றே முன்கூட்டி எழுதப்பட்ட நூல், 'கிறிஸ்தவமல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி' என்னும் பொருள்பட்ட தலைப்புடன் ஹென்றிக் கிரேமர் எழுதியது. கிரேமர் அறியாதவர் அல்லர். லெய்டனில் ஸ்னூக் ஹர்குரோன்யேயிடம் பயின்றவர். ஜாவா முஸ்லிம்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். அந்நூலில் இஸ்லாத்தின் அடிப்படைக் கூறுகளை மதிப்பிடும் இடத்தில் அவர் கையாண்ட பெயரடை 'சூப்பர்ஃபிஷியல்' என்பது. மேற்பரப்போடு நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள்.

இஸ்லாத்தின் கொள்கை எளியது என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். நட்புடன் சொன்னவர்களும் உண்டு, பகையுடன் சொன்னவர்களும் உண்டு. 'சிம்பிள்' என்ற சொல்லே கிரேமருக்குக் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. இரண்டு சொற்களும் 'சிக்கல் இல்லாதது' என்ற இடத்தில் சந்திக்கின்றன. ஆனால் ஒன்று தெளிந்த நீரைச் சொல்கிறது. மற்றது ஆழமில்லாத நீரைச் சொல்கிறது. தெளிந்த நீரின் அடி தெரிவதால் ஆழம் குறைவு என்று எண்ணிவிடுவது கண்ணின் பிழை. கிரேமரின் பிழையும் அதுவே. இத்துணை மேலோட்டமான மார்க்கம் தன்னைப் பின்பற்றுவோரை இவ்வளவு உறுதியாகப் பிடித்து வைத்திருப்பது எப்படி என்பதை ஒரு புதிராகவே அவர் கண்டார். சொல்லைச் சரியாகத் தேர்ந்திருந்தால் புதிரே எழுந்திராது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இதே சென்னையில் அம்மாநாட்டுக்கு முன்பே நம்மவர்கள் இவ்விஷயங்களைப் பேசி முடித்திருந்தார்கள். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் அழைப்பில், கொடைவள்ளல் ஜமால் முஹம்மது சாஹிபின் ஆதரவில், 1925இல் ஸையித் சுலைமான் நத்வீ, 1927இல் மர்மடியூக் பிக்தால், 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் என்று மூவர் வந்து தொடர் சொற்பொழிவாற்றினர். இக்பாலின் சென்னை உரைகளிலிருந்து விரிந்த நூலின் தலைப்பே ஒரு சொல்தேர்வுப் பாடம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் இஹ்யாவை ஆங்கிலத்தில் 'ரிவைவல்' என்பார்கள், உயிர்ப்பித்தல். இக்பால் அதை எடுக்கவில்லை. 'ரிஃபார்ம்' என்பதையும் எடுக்கவில்லை. மீளக் கட்டுதல் என்று பொருள்படும் 'ரீகன்ஸ்டிரக்‌ஷன்' என்பதை எடுத்தார். கட்டடம் பழுதானது, அடித்தளம் பழுதாகவில்லை என்பது அச்சொல்லின் உட்கிடை. அந்நூலின் முதல் உரையிலேயே ஃபெய்த் என்பது வெறும் உணர்ச்சி அன்று, அதற்குள் அறிவின் கூறும் உண்டு என்று நிறுவுகிறார். கிரேமர் இந்நூலைப் பொறுமையுடன் படித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மாநாடு கூடிய 1938 டிசம்பரில் இக்பால் மறைந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பிக்தால் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

தாம்பரத்தின் கதை அத்தோடு முடியவில்லை. மாநாட்டின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 1988 ஜனவரியில் அங்கேயே ஒரு கலந்தாய்வு நடைபெற்றது. அதில் கட்டுரை அளித்தவர்களுள் ஒருவர் வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித். இளமையில் லாகூரில் கற்பித்தவர். பின்னர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தை உருவாக்கியவர். கிரேமரின் கண்ணாடியை முற்றிலும் கழற்றிவிட்டு இஸ்லாத்தை நோக்கியவர். நம் மாணவரின் வினாவுக்கு விடை தேடுவோர் இவரிடம்தான் போயாக வேண்டும். ஏனெனில் 1977இலும் 1979இலும் வந்த இரண்டு நூல்களில் இந்த இரண்டே சொற்களின் வேறுபாட்டைத்தான் அவர் ஆராய்ந்தார்.

ஸ்மித்தின் வாதத்தைச் சுருக்கிச் சொல்லலாம். 'பிலீவ்' என்ற ஆங்கில வினை ஆதியில் கருத்தைக் குறித்ததன்று; நேசத்தைக் குறித்தது. ஜெர்மானிய மொழிகளில் அன்புக்குரியது, இனியது என்று பொருள்படும் சொற்களின் உடன்பிறப்பு அது. ஒருவரை பிலீவ் செய்வதென்றால் அவரை நெஞ்சில் ஏற்று அவருக்குத் தன்னைக் கொடுப்பது. நூற்றாண்டுகள் செல்லச்செல்ல அதன் செயப்படுபொருள் ஆளிலிருந்து கூற்றுக்கு நகர்ந்தது. பின்னர் மெய்யான கூற்றிலிருந்து ஐயத்துக்குரிய கூற்றுக்கும் நகர்ந்தது. இன்று ஆங்கிலத்தில் 'ரயில் ஐந்து மணிக்கு என்று பிலீவ் செய்கிறேன்' என்றால் உறுதியாகத் தெரியாது என்று பொருள். திருக்குர்ஆன் அந்த அரைகுறைக் கருத்துக்கு வேறொரு சொல் வைத்திருக்கிறது: ளன்னு. உண்மைக்கு எதிரே ளன்னு எந்தப் பயனும் தராது என்று கண்டிக்கவும் செய்கிறது (53:28). ஆகவே ஈமானை 'பிலீஃப்' என்பது, குர்ஆன் எதைக் கண்டிக்கிறதோ அதன் பெயரையே குர்ஆன் எதைப் போற்றுகிறதோ அதற்குச் சூட்டுவதாகும் என்பது ஸ்மித்தின் முடிவு.

இதைப் படித்தபோது தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. 'நம்பு' என்ற உரிச்சொல்லுக்கு உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். இன்று நாம் நம்பு என்றால் மெய்யென்று கொள் என்று பொருள்கொள்கிறோம். ஆங்கிலச் சொல் நடந்த அதே பாதையில் தமிழ்ச் சொல்லும் அன்பிலிருந்து புறப்பட்டுக் கருத்தை நோக்கி நடந்திருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாத காலத்தில் தொடங்கிய பயணம் இது. அரபு மட்டும் வேறிடத்தில் தொடங்கியது. ஈமானின் வேர் அம்னு. அச்சமற்ற நிலை, பாதுகாப்பு. அமானத்தும் அமீனும் அந்த வேரின் கிளைகள்.

இனி மொழிபெயர்ப்பாளர்களிடம் வருவோம். அவர்களுக்கு ஒரு பெரும் இடர் உண்டு. அதை அறியாமல் குறைசொல்வது நேர்மையன்று. 'ஃபெய்த்' என்ற பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் வினை வடிவம் இல்லை. அரபில் ஆமன, ஈமான், முஃமின் மூன்றும் ஒரே மரத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் வினைக்குப் பிலீவ் என்று ஜெர்மானியக் காட்டுக்குப் போகவேண்டும். பெயருக்கு ஃபெய்த் என்று லத்தீன் தோட்டத்துக்குப் போகவேண்டும். யூசுஃப் அலீயும் பிக்தாலும் அப்படியே போனார்கள். 49:14இல் இருவரும் நாட்டுப்புற அரபிகளின் வாயில் பிலீவ் என்ற வினையை வைத்து, வசனத்தின் இறுதியில் உள்ளத்தில் நுழைய வேண்டியதற்கு ஃபெய்த் என்கிறார்கள். சொல்லொருமை உடைகிறது, உண்மைதான். ஆனால் ஆங்கில வாசகனுக்கு அந்த உடைவே ஒன்றை உணர்த்திவிடுகிறது: அவர்கள் வாயால் சொன்னது ஒன்று, உள்ளம் கேட்பது வேறொன்று. இது அவர்கள் எண்ணிச் செய்ததா, ஆங்கிலத்தின் வறுமை அவர்களைத் தள்ளிச் செய்வித்ததா என்பது வேறு வினா. பலன் நல்ல பலன்.

ஆர்பெரி 1955இல் வெளியிட்ட மொழியாக்கத்தில் சொல்லொருமையைக் காத்தார். வினையும் பெயரும் ஒரே குடும்பத்தில் நிற்கின்றன. அரபு ஓசைநயத்தை ஆங்கிலத்தில் எழுப்ப முயன்ற அவருக்கு அந்த எதிரொலி தேவைப்பட்டது. ஆயினும் பொருளில் இழப்பு நேர்ந்தது. உள்ளத்தில் நுழையாதது ஒரு கருத்து என்று ஆகிவிட்டது. கருத்துகள் மூளையில் நுழையும். கல்ப் அதற்கான வாசல் அன்று. ஓசைக்காகப் பொருளை விட்டுக்கொடுத்த இடங்களில் இதுவும் ஒன்று என்றே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

முஹம்மது அஸத் 1980இல் வெளியிட்ட நூலில் வேறு வழி கண்டார். வினையைக் கைவிட்டு 'ஃபெய்த்தை எய்தியவர்கள்' என்று பொருள்படும் தொடரைப் படைத்தார். 'யா அய்யுஹல்லதீன ஆமனூ' என்ற விளி வரும் இடங்களிலெல்லாம் அத்தொடர் வருகிறது. நீளம் மிகுந்தது, ஓதுவதற்கு இதமற்றது என்றாலும், ஈமான் என்பது அடையப்படும் நிலை என்பதை அது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அன்னிஸா அத்தியாயத்தின் 136ஆம் வசனத்தில் அஸத் தம் தொடரிடமே மாட்டிக்கொள்கிறார். ஈமான் கொண்டோரை விளித்து, அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் ஈமான் கொள்ளுங்கள் என்கிறது அவ்வசனம். ஏற்கெனவே எய்திவிட்டவர்களை எய்துங்கள் என்பது எப்படி? அஸத் அங்கே, உங்கள் பிலீஃபை உறுதியாகப் பற்றிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் மொழிபெயர்த்து வெளியேறுகிறார். வாழ்நாளெல்லாம் ஒரு சொல்லை வாசலில் நிறுத்திய அறிஞர், நெருக்கடி நேரத்தில் அதே சொல்லைக் கொல்லைப்புறமாக அழைத்துவந்தார். குறையாக இதைச் சொல்லவில்லை. எந்த ஒற்றை ஆங்கிலச் சொல்லும் ஈமானை முழுதும் தாங்காது என்பதற்கு அஸத்தைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

ஸ்மித்தை அப்படியே ஏற்கவும் நமக்கு இயலாது. ஃபெய்த் என்ற சொல்லின்மேல் அவர் கொண்ட காதல் அவரை ஓர் எல்லைக்கு அப்பால் இழுத்துச் சென்றது. எல்லாச் சமயத்தவரிடமும் உள்ள ஒரு பொதுவான மனிதப் பண்பு ஃபெய்த். அதன் உள்ளடக்கம் காலத்துக்குக் காலம் மாறும் பிலீஃப் என்று அவர் பிரித்துவிட்டார். ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஹதீஸைக் கற்ற எந்த முஸ்லிமுக்கும் இந்தப் பிரிவினை நெருடும். ஈமான் என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மனநிலையை வருணிக்கவில்லை; அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், தூதர்கள், மறுமை, விதி என்று ஆறு பொருள்களை எண்ணிச் சொன்னார்கள். எதன்மேல் என்று கேட்க முடியாத ஈமான் நமக்கு அறிமுகமில்லை. ஆகவே 'இன்னதன்மேல்' என்று வசனம் சொல்லும் இடத்தில் பிலீவ் என்ற வினை தன் குறைகளோடும் இருந்துதான் தீரவேண்டும்.

ஸ்மித் இதை அறியாதவர் அல்லர் என்பதும் சொல்லப்படவேண்டும். ஈமானைத் தஸ்தீக் என்று விளக்கும் அவருடைய கட்டுரை, நிஜாமிய்யா பாடத்திட்டத்தில் நம் மதரஸாக்கள் ஓதிவரும் நூலையே ஆதாரமாகக் கொண்டது: அகாயித் நஸஃபிக்கு அல்லாமா தஃப்தாஸானீ எழுதிய விரிவுரை. தஸ்தீக் என்பது வெறும் அறிதல் அன்று என்கிறார் தஃப்தாஸானீ. தம் பிள்ளைகளை அறிவதுபோல் அண்ணலாரை அறிந்தவர்கள் இருந்தார்கள் (2:146), அறிந்தும் ஏற்கவில்லை. ஃபிர்அவ்னின் கூட்டத்தாரின் உள்ளங்கள் உறுதிகொண்டிருந்தும் அநியாயமாக மறுத்தார்கள் (27:14). அறிந்ததை மெய்யென்று தனதாக்கி, அதற்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதே தஸ்தீக். எட்டு நூற்றாண்டுகளாகச் சிலேட்டும் மைக்கூடுமாக நம் மாணவர்கள் ஓதிய பாடத்தை ஹார்வர்டில் இருந்து ஒருவர் ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் நாம் திரும்பிப் பார்க்கிறோம் என்று எழுத நினைத்தேன்; கணக்கில் பிழை. தஃப்தாஸானீ 14ஆம் நூற்றாண்டினர்; ஆறு நூற்றாண்டுகளுக்குச் சற்று மேல்.

ஈமான் கூடுமா குறையுமா என்ற பழைய விவாதமும் இங்கே புதிய ஒளி பெறுகிறது. தஸ்தீக் என்ற அளவில் ஈமான் கூடுவதுமில்லை குறைவதுமில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை. சொல்லும் செயலும் சேர்ந்தது ஈமான், அது கூடும் குறையும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலை. ராவுத்தர் ஊர்களில் முன்னதும் கடற்கரை ஊர்களில் பின்னதும் ஓதப்படுவதால் தமிழ் முஸ்லிம்களுக்கு இரண்டும் வீட்டுப் பேச்சு. ஆங்கிலத்தில் பிலீஃப் கூடுகிறது குறைகிறது என்று சொல்வது அவ்வளவு இயல்பன்று; ஃபெய்த் வளர்கிறது, தளர்கிறது என்பது இயல்பு. எனவே முதலாமவருக்குப் பிலீஃப், இரண்டாமவருக்கு ஃபெய்த் என்று பங்கிட்டுவிடலாமா? கவர்ச்சியான பங்கீடு, ஆனால் ஹனஃபீ மரபின் தஸ்தீக்கே வெறும் பிலீஃப் அன்று என்று மேலே கண்டோம். ஜப்பானிய அறிஞர் இஸுத்ஸு 1965இல் இவ்விவாதங்களை ஆராய்ந்து எழுதிய நூலின் ஆங்கிலத் தலைப்பில் பிலீஃப் என்ற சொல்லையே வைத்தார். கலாம் அறிஞர்களின் வரையறைகளைப் பேசும் நூலுக்கு அது பொருத்தமே. அதே தலைப்பை ஸுமைய்யா (ரலி) அவர்களின் தியாகத்தைப் பேசும் நூலுக்கு வைத்தால் எடுபடாது.

தமிழில் நம் நிலை என்ன? நம்பிக்கை என்ற ஒரே சொல்லில் ஆங்கிலத்தின் பிலீஃப், ஃபெய்த், டிரஸ்ட், ஹோப் நான்கும் அடங்கிவிடுகின்றன. இதில் ஒரு பேறும் உண்டு. நபித்துவத்துக்கு முன்பே மக்காவாசிகள் அண்ணலாரை அல்அமீன் என்றார்கள். நாம் நம்பிக்கைக்குரியவர் என்கிறோம். அமீனையும் ஈமானையும் ஒரே வேரில் காட்ட ஆங்கிலத்தால் முடியவில்லை, தமிழால் முடிகிறது. ஆனால் 'தன்னம்பிக்கை' என்று சுவரொட்டி ஒட்டுவோரும், 'மூடநம்பிக்கை' என்று மேடையில் சாடுவோரும் பயன்படுத்துவதும் அதே சொல்லைத்தான். ரஜா என்ற எதிர்பார்ப்புக்கும் நாம் நம்பிக்கை என்றே எழுதி, ஈமானோடு அதைக் கலந்துவிடுகிறோம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு தம் பொருளைத் தனித்துக் காத்துக்கொண்டார்கள். நம் முன்னோர் ஈமான் என்ற சொல்லையே தமிழாக்கிக்கொண்டார்கள்; ஈமான் கொள், ஈமான்தாரி என்று விகுதியும் ஒட்டினார்கள். அதைப் பழமை என்று ஒதுக்கி இறைநம்பிக்கை என்று அண்மைக் காலத்தில் எழுதத் தொடங்கியதில் பிறருக்கு விளங்கும் நன்மை உண்டு. ஆனால் ஆறில் ஒன்றை மட்டும் சொல்லி ஐந்தை விட்டுவிடும் குறையும் உண்டு.

அதே வசனத்தில் உள்ள அஸ்லம்னாவுக்கு யூசுஃப் அலீயும் பிக்தாலும் 'சப்மிட்' என்றும், ஆர்பெரியும் அஸத்தும் 'சரெண்டர்' என்றும் கொண்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னது அலுவலகத்தில் மனு கொடுப்பதற்கும், பின்னது தோற்ற படை ஆயுதத்தைக் கீழே வைப்பதற்கும் புழங்குகிறது. அந்த அரபிகளின் நிலையோ, வலிமைக்கு முன் பணிந்த நிலை. எனவே இவ்வொரு வசனத்தில் பின்னதே சற்றுக் கூடுதலாகப் பொருந்துகிறது. இப்ராஹீம் (அலை) அவர்கள் அகிலங்களின் இரட்சகனுக்கு முஸ்லிமானேன் என்று கூறும் இடத்தில் (2:131) இரண்டுமே போதா.

அடுத்த ஞாயிறு மாணவரிடம் அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தைத் திறக்கச் சொன்னேன். அங்கே அல்முஃமின் என்பது அல்லாஹ்வின் திருநாமம். பிலீவர் என்று போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். யூசுஃப் அலீ அங்கே ஃபெய்த்தின் காவலன் என்றும், பிக்தால் அதைக் காப்பவன் என்றும் பொருள்பட எழுதியிருக்கிறார்கள். அச்சம் தீர்ப்பவன், அபயமளிப்பவன் என்ற பொருள் தமிழில் இன்னும் நேராக வந்து நிற்கிறது. மாணவர் தம் ஆர்பெரி பிரதியின் ஓரத்தில் 49:14க்கு நேரே பென்சிலால் 'அம்னு' என்று எழுதிக்கொண்டார். மக்ரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டதால் அன்று அதற்குமேல் வாசிக்கவில்லை.